முப்பத்தைந்து வயதில் பரீட்சை எழுதிய ஜாக்கி

குடும்பப் பத்திரிகையில் குதிரை ரேஸா என்று முகம் சுளிக்காதீர்கள். கிண்டிக்குப் போய் வந்தே நிலத்தை விற்றவர், மனைவியின் செயினை அடகு வைத்தவர் என்று ஊருக்கு ஒரு கதையாவது நம்மிடம் உண்டு. பழைய சினிமாவில் பணக்காரப் பிள்ளை கெட்டுப்போகிறான் என்று காட்ட வேண்டுமா? முதலில் ரேஸுக்குத்தான் அனுப்புவார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல நான் வரவில்லை.

ஆனால், வேலிக்கு வெளியே நின்று டிக்கெட்டைக் கசக்குகிறவர் ஒருவர். உள்ளே குதிரையின் முதுகில் குனிந்தபடி பறக்கிறவர் இன்னொருவர். முன்னவரைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். இந்த வாரம் பின்னவரைப் பற்றிப் பேசுவோம்.

பெயர் கிறிஸ்டோஃப் லெமேர். பிரான்ஸ் நாட்டுக்காரர். சொந்த ஊரில் பெரிய பந்தயங்களை எல்லாம் ஜெயித்து, பெயரும் சம்பாத்தியமுமாக இருந்த மனிதர். 35 வயதில் ஜப்பானுக்குப் போய், 'எனக்கு உங்கள் ஊர் உரிமம் வேண்டும்' என்று கேட்டுப் பரீட்சை எழுதினார். அவர் வாழ்க்கையின் பெரிய உயரங்கள் எல்லாம் அந்தப் பரீட்சைக்குப் பிறகுதான் வந்தன. 'இந்த வயசுக்கு மேல என்னத்தக் கத்துக்கறது?' என்ற பேச்சு நம் பக்கத்து வீடுகளில் அடிக்கடி கேட்கிறது. அதனால்தான் இவரைப் பற்றி எழுதத் தோன்றியது.

நமக்கும் பிரெஞ்சுக்காரருக்கும்

தெள்ளாரில் இருந்துகொண்டு பிரெஞ்சு ஜாக்கியைப் பற்றி எழுதுவது ஒன்றும் ஒட்டாத விஷயமில்லை. பஸ் ஏறினால் சற்று நேரத்தில் வந்தவாசி. அங்கேதான் 1760 ஜனவரி 22-ம் தேதி, லாலியின் பிரெஞ்சுப் படையும் அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் மோதின. அன்று லாலி தன் குதிரைப் படையை முன்னேறச் சொன்னபோது அது முதலில் நகரவே இல்லை என்று சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களின் இந்தியக் கனவு அந்தத் தோல்வியோடு ஆட்டம் கண்டது.

இன்னொரு பக்கம் செஞ்சி. யாருக்கும் அடங்காத குதிரையை அடக்கிய தேசிங்கு ராஜாவின் கதை நம் தாத்தா பாட்டிகளுக்குத் தெருக்கூத்தாகத் தெரியும். அடுத்த தலைமுறைக்கு 1960-ல் வந்த எம்.ஜி.ஆர். படமாகத் தெரியும். குதிரை என்றால் வீரம், குதிரை என்றால் ராஜா என்று கேட்டு வளர்ந்த பூமி இது.

லெமேரின் கதையில் ராஜாவும் இல்லை, யுத்தமும் இல்லை. தொழில் இருக்கிறது.

அப்பா ஜாக்கி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்

லெமேர் பிறந்தது 1979 மே 20. பாரிஸுக்கு வடக்கே, பந்தயக் குதிரைகளுக்குப் பேர்போன ஷாந்தியி வட்டாரம். அப்பாவும் ஜாக்கிதான். ஆனால் அவருடையது தடை தாண்டும் ஓட்டம். குதிரை வேலிகளைத் தாண்டித் தாண்டி ஓடும், விழுந்தால் எலும்பு மிஞ்சாது. பிள்ளை தேர்ந்தெடுத்தது சமதள ஓட்டம். தடை கிடையாது. புல்தரையில் ஒன்றிரண்டு நிமிடம், வேகம் மட்டும்தான் கணக்கு.

ஜாக்கிகளுக்கான தனிப் பள்ளிகள் அங்கே உண்டு. சிறு வயதிலேயே சேர்ந்துவிடுவார்கள். லெமேர் அந்த வழியில் போகவில்லை. சாதாரணப் பள்ளியில் படித்துக்கொண்டே, அமெச்சூர் வீரராகக் குதிரை ஓட்டிப் பழகினார். முழுநேரத் தொழிலாக இறங்கியது 1999-ல்தான். அப்போது 19 வயது. பத்து வயதில் தறிக்குழியில் இறங்கியவர்களையும், பட்டப்படிப்பு முடித்துவிட்டுத் தறிக்கு வந்தவர்களையும் பார்த்த நமக்கு இந்த வித்தியாசம் புரியும். தாமதமாக வந்தவர் கொஞ்ச காலம் பின்தங்குவார். படித்த பழக்கம் பிற்பாடு வேறொரு இடத்தில் கைகொடுக்கும். லெமேருக்கு எங்கே கைகொடுத்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஜாக்கி என்ன செய்கிறார்? குதிரைதானே ஓடுகிறது என்று கேட்கத் தோன்றும். குதிரையின் எடை 450, 500 கிலோ. பெரிய பந்தயங்களில் அதன் முதுகில் ஏற்றும் எடை, சேணத்தோடு சேர்த்து 55 கிலோவிலிருந்து 58 கிலோ வரைதான். ஆகவே ஜாக்கி ஆண்டு முழுக்க வாயைக் கட்ட வேண்டும். ஓட்டத்தில் அவர் உட்காருவதே இல்லை. முழங்காலை மடக்கி, அங்கவடியில் நின்றபடி முதுகைத் தட்டையாக வைத்துக்கொள்வார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், பக்கத்தில் பத்துப் பதினைந்து குதிரைகள் இடித்துக்கொண்டு வரும்போது, எப்போது அடக்கிப் பிடிப்பது, எப்போது விடுவது என்று முடிவெடுக்க வேண்டும். சீக்கிரம் விட்டால் கடைசி 200 மீட்டரில் குதிரைக்கு மூச்சு முட்டும். தாமதித்தால் இடைவெளி மூடிவிடும்.

ஆரணிப் பக்கத்து நெசவாளரிடம் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார். பாவை இறுக்கினால் இழை அறும். தளர்த்தினால் சேலை தொய்யும். எவ்வளவு இழுப்பது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. விரலுக்குத்தான் தெரியும். கடிவாளமும் அதே சங்கதிதான்.

மூன்று மாத விருந்தாளி

ஜப்பானில் வெளிநாட்டு ஜாக்கிகளுக்குக் குறுகிய கால உரிமம் என்று ஒன்று உண்டு. ஆண்டுக்கு மூன்று மாதம் வரை ஓட்டலாம். ஐரோப்பாவில் குளிர்காலம் வந்து பெரிய பந்தயங்கள் ஓய்ந்ததும் பலர் அங்கே போவார்கள். பரிசுத் தொகை அதிகம். லெமேரும் 2002-ல் போனார். பிறகு ஆண்டுதோறும் போனார்.

ஆனால் பெரிய வெற்றி லேசில் கிடைக்கவில்லை. 2005 நவம்பரில் ஜப்பான் கோப்பை. லெமேர் ஓட்டிய ஹார்ட்ஸ் க்ரை என்ற குதிரை மூக்கு நுனி இடைவெளியில் தோற்றது. அடுத்த மாதம், டிசம்பர் 25, ஆண்டின் கடைசிப் பெரிய பந்தயமான அரிமா கினென். 2,500 மீட்டர். எதிரே டீப் இம்பாக்ட். அதுவரை ஓடிய ஏழு ஓட்டங்களிலும் தோல்வியே காணாத குதிரை; ஜப்பானே அதைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. அதை ஓட்டியவர் அந்நாட்டின் முடிசூடா மன்னரான யுடாகா டாகே.

ஹார்ட்ஸ் க்ரை வழக்கமாகக் கடைசியில் பதுங்கி வந்து கடைசி நேரத்தில் பாயும் குதிரை. அன்று லெமேர் அந்த வழக்கத்தை மாற்றினார். தொடக்கத்திலேயே முன் வரிசைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். பின்னாலிருந்து டீப் இம்பாக்ட் பாய்ந்து வந்தபோது அரை நீளம் மிச்சம் இருந்தது. மைதானத்தில் லட்சத்துக்கு மேல் கூட்டம். எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். ஜப்பானில் தரவரிசைப் பந்தயம் ஒன்றில் லெமேருக்கு அதுதான் முதல் வெற்றி.

டாகே என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வருவார்.

உலகம் சுற்றிய காலம்

2006 மார்ச்சில் அதே ஹார்ட்ஸ் க்ரையோடு துபாய் போய், முன்னாலேயே ஓடி ஷீமா கிளாசிக்கை ஜெயித்தார். 2008-ல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் நடாகோரா என்ற பெண் குதிரையில் ஆயிரம் கினி பந்தயம். 2009-ல் சொந்த நாட்டிலேயே பிரெஞ்சு டெர்பியும், பெண் குதிரைகளுக்கான டியான் பந்தயமும். பிறகு ஆகா கானின் பெரிய லாயத்துக்கு முதல் ஜாக்கி. ஐரோப்பாவில் அது பெரிய உத்தியோகம்.

2011 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் கோப்பை. டுனாடென் குதிரையை ஓட்ட வேண்டியவர் தடைக்கு உள்ளாகிவிட, கடைசி நேரத்தில் லெமேரை அழைத்தார்கள். அவசரமாக விமானம் ஏறிப் போனார். 3,200 மீட்டர் ஓடி முடித்தபோது டுனாடெனும் ரெட் கேடோவும் ஒரே கோட்டில். புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் டுனாடென் என்று அறிவித்தார்கள்.

இப்படி எல்லாம் இருந்தும், சில ஆண்டுகளில் ஆகா கான் லாயத்தின் முதல் இடம் அவர் கையை விட்டுப் போனது. முன்பு அங்கே இருந்தவரே திரும்பி வந்தார். பெரிய முதலாளியிடம் கூலிக்கு நெய்கிறவருக்கு இந்தக் கதை புதிதல்ல. கைத்திறனில் குறை இருக்காது. ஆனாலும் பாவு வேறு வீட்டுக்குப் போய்விடும்.

பரீட்சை அறை

இந்த இடத்தில் லெமேருக்கு இரண்டு வழி இருந்தது. ஐரோப்பாவிலேயே கிடைக்கும் குதிரைகளை ஓட்டிக்கொண்டு, குளிர்காலத்தில் மூன்று மாதம் ஜப்பானுக்கு விருந்தாளியாகப் போய் வரலாம். வருமானத்துக்குக் குறைவிருக்காது. அல்லது ஜப்பான்காரரைப் போலவே முழு ஆண்டு உரிமம் கேட்கலாம். அதற்குத் தேர்வு எழுத வேண்டும்.

அவர் தேர்வுக்கு உட்கார்ந்தார். முதல் கட்டம் எழுத்துத் தேர்வு. அடுத்த கட்டத்தில் நேரில் கேள்வி. அதற்கு ஜப்பானிய மொழியில் பதில் சொல்ல வேண்டும். பந்தய விதிகள், குதிரையின் உடல்நலம், சட்டம் எல்லாம் வரும். 'நான் மெல்பர்ன் கோப்பை ஜெயித்தவன்' என்பது அங்கே பதிலாகாது. இத்தாலிக்காரரான மிர்கோ டெமுரோ முந்தைய முயற்சியில் தேறாமல் மறுபடி எழுதினார். அவரும் லெமேரும் 2015 பிப்ரவரியில் ஒன்றாகத் தேறினார்கள். ஜப்பானின் மத்தியப் பந்தய அமைப்பு வெளிநாட்டுக்காரர்களுக்கு முழு ஆண்டு உரிமம் தந்தது அதுவே முதல் முறை. பள்ளிப் படிப்பை விடாமல் முடித்த பழக்கம் இங்கேதான் கைகொடுத்தது என்று நினைக்கிறேன்.

மார்ச் 1-ம் தேதி முதல் உரிமம். ஆனால் அன்று அவர் குதிரை ஏறவில்லை!

செல்போன் வைத்த வேட்டு

ஜப்பானில் ஒரு கடுமையான விதி. பந்தயத்துக்கு முந்தின இரவே ஜாக்கிகள் எல்லோரும் தனி விடுதிக்குள் போய்விட வேண்டும். வெளியாட்களோடு எந்தத் தொடர்பும் கூடாது, செல்போன் கூடாது. யார் குதிரை எப்படி இருக்கிறது என்ற செய்தி வெளியே கசிந்தால் பந்தயம் கட்டுகிறவர்கள் ஆதாயம் பார்ப்பார்கள் என்பதற்காக. ஜாக்கி தானே பந்தயச் சீட்டு வாங்குவதும் அங்கே சட்டப்படி குற்றம்.

புது உரிமத்தோடு முதல் பந்தயத்துக்குக் காத்திருந்த அந்த இரவில், லெமேர் விடுதிக்குள்ளிருந்து ட்விட்டரைப் பயன்படுத்தியது தெரிய வந்தது. 30 நாள் தடை! இத்தனை பாடுபட்டு வாங்கிய உரிமத்தின் முதல் மாதம் முழுக்க வீட்டில். இப்போது செல்போனில் இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு அந்த அவஸ்தை புரியும்.

'நான் வெளிநாட்டுக்காரன், தெரியாமல் நடந்துவிட்டது, ஊருக்கே போகிறேன்' என்று அவர் கிளம்பிவிடவில்லை. தடையை அனுபவித்துவிட்டு ஏப்ரலில் வந்து வேலையைத் தொடங்கினார். குடும்பத்தோடு கியோட்டோவில் குடியேறினார். வெற்றிக்குப் பிறகு மைக் நீட்டினால் ஜப்பானிய மொழியிலேயே பேசினார்.

ஒன்றில் தோற்று, மூன்றில் ஜெயித்து

2016-ல் லெமேர் 186 வெற்றி. முதலிடம் பிடித்தவர் 187. ஒன்றே ஒன்று! அடுத்த ஆண்டு 199 வெற்றியோடு அவரே முதலிடம். 2018-ல் 215. அதுவரை ஓர் ஆண்டின் அதிகபட்ச வெற்றி 212. 2005-ல் செய்தவர் நாம் நினைவில் வைத்திருக்கும் அதே யுடாகா டாகே. டீப் இம்பாக்டை மடக்கிய அதே ஆண்டில் டாகே வைத்த சாதனையை, பதின்மூன்று ஆண்டு கழித்து லெமேர் தாண்டினார். 2017 முதல் 2021 வரை ஐந்து ஆண்டு தொடர்ந்து முதலிடம்.

எண்களை விட எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. 2009-ல் பிரான்சில் டியான் பந்தயத்தை அவர் ஜெயித்த பெண் குதிரையின் பெயர் ஸ்டாசெலிடா. ஓய்வு பெற்ற பின் அதை ஜப்பானுக்கு வாங்கிப் போனார்கள். அங்கே அது ஈன்ற குட்டி சோல் ஸ்டிரிங். 2017 மே மாதம், ஜப்பானில் பெண் குதிரைகளுக்கான ஓக்ஸ் பந்தயத்தில் சோல் ஸ்டிரிங் ஜெயித்தது. முதுகில் லெமேர். தாயை ஓட்டி ஒரு நாட்டில் ஜெயித்தவர், மகளை ஓட்டி இன்னொரு நாட்டில் ஜெயித்தார். அதற்கு அடுத்த வாரமே ரே டி ஓரோ குதிரையில் ஜப்பான் டெர்பியும் அவருக்கே.

2018 நவம்பரில் ஆல்மண்ட் ஐ என்ற மூன்று வயதுப் பெண் குதிரை. ஜப்பான் கோப்பையில் 2,400 மீட்டரை 2 நிமிடம் 20.6 நொடியில் ஓடியது. சராசரியாக மணிக்கு 61 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு உலகச் சாதனை என்று பேசப்பட்டது. 2023-ல் ஈக்வினாக்ஸ்: மார்ச்சில் துபாய், அக்டோபரில் 2,000 மீட்டரை 1 நிமிடம் 55.2 நொடியில், நவம்பரில் ஜப்பான் கோப்பை. அந்த ஆண்டில் உலகின் முதல் தரக் குதிரை அதுதான் என்று மதிப்பிட்டார்கள்.

2024 மார்ச்சில் துபாயில் பந்தயத்தின் நடுவே விழுந்து எலும்பு முறிந்தது. சில வாரங்களில் திரும்பி வந்து, அந்த ஆண்டும் ஜப்பானில் முதலிடம் பிடித்தார். வயது 45.

கிண்டி நமக்குச் சொன்னது

மறுபடி பழைய கோபத்துக்கு வருவோம். குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு 1974-ல் சட்டம் போட்டது. வழக்கு நீண்டு, 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, சூதாட்டம் அல்ல. 2024 செப்டம்பரில் கிண்டி மைதானத்தின் நிலக் குத்தகையை அரசு ரத்து செய்து நிலத்தைக் கையில் எடுத்தது.

சட்டம் எதைச் சொன்னாலும் வீட்டுக் கணக்கு வேறு. திறமை குதிரைக்கும் ஜாக்கிக்கும் பயிற்சியாளருக்கும் இருக்கிறது. சீட்டு வாங்கியவரிடம் இருப்பது ஆசை. அதுவும் இன்று கிண்டி வரை போக வேண்டியதில்லை. பந்தயம் கட்டச் சொல்லும் ஆப் சட்டைப் பைக்குள்ளேயே வந்து கூப்பிடுகிறது. ஓடுகிறவர் கையிலிருந்தே ஓர் இரவு போனை வாங்கி வைக்கிறது ஜப்பான். நம் வீட்டில் பணம் கட்டத் துடிக்கும் பிள்ளையின் போனில் என்ன இருக்கிறது என்று நாமும் ஒரு கண் வைக்கலாம்.

நம் பக்கத்துப் பரீட்சைகள்

தறியை விட்டு இறங்கி, செய்யாறு சிப்காட்டுக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள் இன்று நம் பகுதியில் எத்தனையோ பேர். பட்டில் கோர்வை போடத் தெரிந்த கைக்கு, அங்கே இருபத்திரண்டு வயது சூப்பர்வைசர் 'அண்ணே, இப்படிப் பிடிக்கணும்' என்று சொல்லித் தருகிறார். சிலருக்கு அது சுருக்கென்று தைக்கிறது. 'எனக்கே சொல்லித் தரானா?' என்று பாதியில் திரும்பியவர்களும் உண்டு. வீட்டில் தையல் படிக்க நினைத்து, 'பசங்களோட பசங்களா போய் உட்காரணுமா' என்று தயங்கி நிற்கும் அக்காமார்கள் உண்டு. வெளிநாடு போய் பத்து வருடமாகியும் அந்த ஊர் மொழியில் நாலு வார்த்தை பேசக் கூச்சப்படுகிறவர்களும் உண்டு.

லெமேருக்கு இருந்த வசதி நமக்கு இல்லை; உண்மைதான். அவர் தோற்றிருந்தாலும் பட்டினி கிடந்திருக்க மாட்டார். பணம் அதிகம் புரளும் இடத்தைப் பார்த்துத்தான் போனார் என்றும் சொல்லலாம். ஆனால் விருந்தாளியாகவே வந்து போய்ச் சம்பாதிக்க வழி இருந்தும், முதல் வகுப்பு மாணவனைப் போல் பெஞ்சில் உட்கார்ந்தார் பாருங்கள், அதற்குப் பணம் மட்டும் போதாது. பழைய கோப்பைகளை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிற மனசும் வேண்டும்.

முன்பு பழகிய கை வீணாகப் போவதில்லை. பிரான்சில் கடிவாளம் பிடித்துப் பழகிய விரல்கள்தான் ஜப்பானிலும் ஜெயித்தன. தறியில் பழகிய பொறுமை மெஷினிலும் உதவும். ஆனால் மெஷினை முதலில் யாரோ சொல்லித்தர வேண்டும், நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டில், தெருவில், முப்பத்தைந்துக்கு மேல் புதிதாக ஒரு தொழிலோ மொழியோ கற்றுக்கொண்டவர் யாராவது இருக்கிறாரா? சைக்கிள் ஓட்டக் கற்ற பாட்டி என்றாலும் சரி. இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.